அன்னாசி கலந்த நலங்கு

எனக்கும் சித்தி மகளுக்கும் சேர்த்து வீட்டில் ஒரே பட்டப்பெயர்தான். மாமா வைத்தது: "ரெண்டு கோப்பி ஓ." பால் சேர்க்காத கடுங்காப்பியின் நிறத்தில் நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம். எங்கள் அம்மாக்கள் அக்கா தங்கை. மலேசியாவின் ஜொகூரில், உலு திராமில் ஒரே வரிசையில், சில கதவுகள் தள்ளித்தான் வீடு. நான் அவளுக்குச் சில மாதங்கள் மூத்தவள். ஏதாவது வேண்டுமென்றால் அவள் என்னை அக்கா என்பாள். மற்ற நேரங்களில் "டி"தான்.

நிறம் எனக்கு ஒரு குறையாகவே தோன்றியதில்லை என்று சொல்ல மாட்டேன். அது பாதிக் குறையாகத்தான் இருந்தது. மறுபாதி அவளிடம் இருந்தது. குடும்பப் படங்களில் நாங்கள் சேர்ந்து ஓரத்தில் நிற்போம். துணிக்கடையில் இளஞ்சிவப்பு, இளமஞ்சள், பிஸ்கட் நிறம் அடுக்கிய பக்கத்தைச் சேர்ந்தே கடந்து போவோம். யாராவது ஏதாவது சொன்னால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். அதுவே போதுமானதாக இருந்தது.

நான் பாசிர் கூடாங்கில் ஓர் எண்ணெய்த் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். எண்ணெயில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று பார்ப்பதுதான் பெரும்பாலும் என் வேலை. அவள் தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூரில் ஓர் அலுவலகத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அறைக்கு வந்து, "அக்கா" என்றாள். ஏதோ வேண்டும் என்று தெரிந்துகொண்டேன்.

கைப்பேசியில் ஒரு பாட்டிலின் படத்தைக் காட்டி, அதைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். ஜொகூர் பாருவில் ஓர் அழகு நிலையத்தில் முகத்தோலை உரித்து விடுகிறார்களாம். உரிந்த பிறகு புதுத்தோல் வெளுப்பாக வருமாம்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நம் தோலின் மேற்பகுதியில் இறந்த செல்கள் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அமிலம் அந்த ஒட்டுதலைத் தளர்த்துகிறது. எவ்வளவு ஆழம் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கிளைகோலிக், லாக்டிக், மாண்டெலிக் போன்ற பழ அமிலங்களும் பருவுக்குப் போடும் சாலிசிலிக்கும் குறைந்த அளவில் மேலோட்டமாக வேலை செய்யும். ட்ரைகுளோரோ அசெட்டிக் அமிலம் இன்னும் கீழே இறங்கக்கூடியது. தோல் வெள்ளைப் பனி படிந்ததுபோல் ஆகி, பிறகு பழுப்பாகக் காய்ந்து உரியும். ஃபீனால் அதற்கும் கீழே. அதைப் போடும்போது இதயத் துடிப்பைக்கூடக் கருவி வைத்துக் கவனிக்க வேண்டும், நம் நிறத்துக்குப் பொதுவாக அதைப் போடவே மாட்டார்கள். உப்புத்தாள் போலக் கருவியால் தேய்த்து எடுப்பதும் உண்டு. எந்த முறையாக இருந்தாலும் எரிச்சல், புண், கிருமி, தழும்பு என்று ஆபத்துகள் பொதுவானவை. நம்மைப் போன்றவர்களுக்குக் கூடுதலாக ஒன்று உண்டு: தோல் காயப்பட்டால், காயம் ஆறிய பிறகு அந்த இடம் கறுத்துவிடும். வெளுப்பதற்காகப் போய்க் கறுத்து வரலாம்.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வரியா வரலையா, அத மட்டும் சொல்லு" என்றாள்.

போனேன். மோட்டார் சைக்கிள் சாமான் விற்கும் கடைக்கு மேல்மாடி. அங்கே இருந்த அக்காவின் முகம் பீங்கான் தட்டுபோல் வழவழப்பாக இருந்தது. என் கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். என்ன அமிலம், எந்த வலு, எதைப் போட்டு அமிலத்தை நிறுத்துவீர்கள், காதுக்குப் பின்னால் முதலில் போட்டுப் பார்ப்பீர்களா, உதட்டோரம் கொப்புளம் வரும் வழக்கம் உண்டா என்று வருபவர்களிடம் விசாரிப்பீர்களா. அந்த அக்கா என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக் கேட்டார்.

"உங்க அக்கா போலீஸா?"

"லேப்ல வேலை. கறி சோறு வாங்குனாகூட டெஸ்ட் பண்ணிட்டுத்தான் சாப்புடும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் என் கேள்விகளுக்குப் பதில் கிடைத்தது. கிளைகோலிக், வலு குறைவு. நிறுத்துவதற்குச் சோடாமாவு கரைத்த நீர் தயாராக இருந்தது. காதுக்குப் பின்னால் போட்டுப் பார்த்தார்கள். மறுப்பதற்கு எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அமிலம் தடவியதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மறு கையால் சின்ன மின்விசிறியை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சில மாதங்கள் அப்படிப் போய் வந்தோம். ஒவ்வொரு தடவையும் மெல்லிசாக, அரிசிமாவு உதிர்வதுபோல் உதிர்ந்தது. வெயிலுக்குப் போடும் கிரீமை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அவள் ஒழுங்காகப் போட்டாள். முகத்திலிருந்த பருத்தழும்பு மங்கியது. பிறகு நிறம் தெளிந்தது. வெள்ளை என்று சொல்ல முடியாது. ஆனால் என் நிறமும் இல்லை.

மாமா வீட்டுப் பிறந்தநாளில் நாங்கள் இருவரும் சேர்ந்து உள்ளே நுழைந்தோம். மாமா எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது என்ன, ஒண்ணு கோப்பி ஓ, ஒண்ணு தே தாரிக் ஆயிருச்சு" என்றார். தே தாரிக் என்றால் பால் ஊற்றி ஆற்றிய டீ. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேக் வெட்டிப் படம் எடுத்தபோது யாரோ அவளைத் தோளைப் பிடித்து நடுவுக்கு இழுத்தார்கள். நான் வழக்கமான ஓரத்தில் நின்றேன். பக்கத்தில் இடம் காலியாக இருந்தது.

அன்றிலிருந்து எனக்குள் ஓடியதற்குப் பொறாமை என்பதைத் தவிர வேறு சொல் இல்லை. அவளுக்கு வரன் அமைந்தது, செடெனாக் ஊரில். மாப்பிள்ளை மேல் எனக்கு ஒன்றும் இல்லை. உயரமானவர், அதிகம் பேசாதவர், அடுத்தவர் பேசினால் காது கொடுப்பவர். அவள் எனக்கு முன்னால் கல்யாணம் செய்துகொள்வதும் என்னை அவ்வளவாகத் தொடவில்லை. துணிக்கடையில் நடந்ததுதான் தொட்டது. நிச்சயப் புடவை எடுக்கப் போனோம். அவள் நேராக இளஞ்சிவப்பு அடுக்கிய பக்கம் போய், ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. நன்றாக இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்திருக்க வேண்டாம்.

நீயும் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கலாம். யோசித்தேன். எனக்கு எந்த அமிலம் பொருந்தும், எந்த மாதத்தில் தொடங்கலாம் என்றுகூட யோசித்து வைத்தேன். ஆனால் அவளுக்குப் பின்னால் நான் செய்தால் அது அவளைப் பார்த்துச் செய்ததாகிவிடும். என் நிறத்தில் அவள் இல்லாமல் போனது ஒரு வலி. அவள் நிறத்துக்கு நான் பின்னாலேயே ஓடிப் போவது அதைவிட மோசமாகத் தோன்றியது.

கல்யாணம் நெருங்கியபோது அழகு நிலையத்து அக்கா வேறொரு பாட்டிலைக் காட்டியிருக்கிறார். அவள் அதன் படத்தை எனக்கு அனுப்பினாள். ட்ரைகுளோரோ அசெட்டிக் அமிலம். உடனே அவள் வீட்டுக்குப் போனேன். சித்தி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். மகளின் பளபளப்புக்கெல்லாம் பப்பாளி சோப்பும் கல்யாணக் களையும்தான் காரணம் என்று நம்பியவர் அவர். அதனால் அறைக்கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் பேசினோம்.

இது ஆழமாகப் போவது, ஆற நாளாகும், தோல் மருத்துவர் இல்லாமல் போடக்கூடாது, போடுவதாக இருந்தால் கல்யாணம் முடிந்து சாவகாசமாகப் போடலாம் என்றேன். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது இது வேண்டவே வேண்டாம் என்றேன். நகத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்றது எல்லாம் சரி. ஒண்ணு கேக்குறேன், கோவப்படாத. உனக்குப் பொறாமையா?"

"ஆமா" என்றேன். "பொறாமைதான். ஆனா ஆசிட்டுக்கு அது தெரியாது."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அவள் மனதை மாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் அவள் தனியாகப் போய்ப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சளிக்காய்ச்சல் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். முகக்கவசம் போட்டுக்கொண்டு அறைக்குள் இருந்தாள். வேலை முடிந்து நான் போவேன். கவசத்தைக் கழற்றினால் முகம் காய்ந்த வாழைச்சருகுபோல் இருக்கும். கையைக் கழுவிவிட்டு வாஸ்லின் தடவி விடுவேன். தொங்கும் தோலை இழுக்காதே என்பேன். இழுக்க மாட்டேன் என்பாள். கடைசியில் சருகெல்லாம் விழுந்து புதுத்தோல் தெரிந்தது. குழந்தையின் உள்ளங்கால்போல் மெல்லிய சிவப்பு. அழகாக இருந்தது. என் பயங்களில் ஒன்றுகூட நடக்கவில்லை. எனக்கு வந்தது நிம்மதிதான், ஆனால் அதில் சிறிது ஏமாற்றம் கலந்திருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் நலங்கு. எங்கள் குடும்பத்தில் கல்யாணமான பெண்கள் ஒவ்வொருவராக வந்து பெண்ணின் கன்னம், கை, கால் எல்லாம் நலங்கு மாவு பூசுவார்கள். கல்யாணமாகாத நாங்கள் தட்டுப் பிடிக்கலாம், தண்ணீர் எடுத்து வரலாம், பூசக்கூடாது. புதுத்தோலில் மஞ்சளும் எலுமிச்சையும் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால் மாவை நானே கலக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். மிக நைசாகச் சலித்த பயற்றமாவு, நிறத்துக்கு மட்டும் ஒரு துளி மஞ்சள், ஆற வைத்த தண்ணீர். வேறொன்றும் இல்லை. முகத்தில் லேசாகத் தொட்டால் போதும் என்று பெரியவர்களிடம் சொல்வது அவள் பொறுப்பு என்று பேசி வைத்திருந்தோம். பாத்திரத்தைச் சித்தியின் சமையலறை மேடையில் வைத்துவிட்டு, கார் நிறுத்த இடமில்லாமல் வாசலில் தவித்தவர்களுக்கு வழி சொல்லப் போனேன்.

ஆய்வுக்கூடத்தில் பெயர் ஒட்டாத பாத்திரத்தை யாரும் தொட மாட்டார்கள். சமையலறையில் பெயர் ஒட்டாத பாத்திரம் எல்லோருக்கும் சொந்தம். அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

எங்கள் அம்மாக்களுக்கு மூத்த அக்கா ஒருவர் இருக்கிறார். அன்னாசிக்குப் பேர்போன பெக்கான் நானாஸில் குடியிருப்பதால் பெக்கான் நானாஸ் பெரியம்மா. எந்த விசேஷத்துக்கு வந்தாலும் ஒரு சாக்கு அன்னாசிப்பழம் இல்லாமல் வர மாட்டார். நான் திரும்பி உள்ளே வந்தபோது வீடெல்லாம் அன்னாசி வாசனை. விருந்தாளிகளுக்குச் சாறு பிழிகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தட்டை எடுத்துப் பிடித்தேன்.

அவள் மனையில் உட்கார்ந்திருந்தாள். குடும்பத்தில் மூத்தவர் என்பதால் பெரியம்மாதான் முதலில். பாசத்தில் அவர் எதையும் லேசாகச் செய்ய மாட்டார். நான்கு விரலால் மாவை வழித்து அவளுடைய இடது கன்னத்தில் வைத்து, கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரைக்கும் அழுத்தித் தேய்த்தார். லேசாகப் பூசச் சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் தேய்த்து முடித்துவிட்டார். அவள் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. சுற்றி நின்ற பெண்களுக்குத் திருப்தி. அம்மா வீட்டை விட்டுப் போகிற பெண் அழத்தானே செய்யும் என்றார் ஒருவர். இன்னொருவர் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் பார்வை மட்டும் கூட்டத்தில் என்னைத் தேடியது.

வாசனை எங்கிருந்து வருகிறது என்று அப்போதுதான் புரிந்தது.

"பெரியம்மா, மாவுல என்ன கலந்தீங்க?"

"அன்னாசிச் சாறு. சும்மா தண்ணி மாதிரி கலக்கி வச்சிருந்தியே. யூடியூப்ல சொல்றாங்க, அன்னாசி போட்டா மூஞ்சி அப்படியே பளபளன்னு ஆவுமாம். நம்ம ஊரு பழத்த விட்டுட்டு எதுக்கு லா பார்லருக்குக் காசு அழுவணும்?"

அவர் சொன்னது முழுத் தவறும் இல்லை. அன்னாசியில் அமிலம் இருக்கிறது. புரதத்தைக் கரைக்கும் நொதியும் இருக்கிறது. அதை வைத்தும் முகம் உரிப்பவர்கள் உண்டு. ஆனால் ஏற்கெனவே உரித்த முகத்தில் போடுவதில்லை. அடுத்த அத்தை வலது கன்னத்துக்காக மாவை வழித்துக்கொண்டிருந்தார்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்து மனையிலிருந்து எழுப்பினேன். நலங்கு பாதியில் இருக்கும்போது பெண்ணை எழுப்பக்கூடாது. பின்னால் யாரோ "ஐயையோ" என்றது கேட்டது. குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்து, கன்னத்தை நீரோட்டத்தில் பிடிக்கச் சொன்னேன். தேய்க்காதே, அப்படியே ஓட விடு என்றேன். வெகுநேரம் ஓட விட்டோம். தண்ணீரின் சத்தத்துக்கு நடுவில் அவள், "சொல்லிடாத" என்றாள்.

வெளியே வந்தபோது எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவளுக்கு அன்னாசி ஒத்துக்கொள்ளாது, அலர்ஜி என்று சொன்னேன்.

சித்தி முகத்தைச் சுருக்கினார். "போன வாரங்கூட கடையில பழ ரோஜாக் வாங்கித் தின்னுச்சே. அதுல பாதி அன்னாசிதானே?"

சொல்ல வேண்டிய பதில் அவளிடம் இருந்தது. துண்டைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது பெரியம்மா யாருக்கும் சொல்லாததுபோல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "விடுங்க, பாவம். அதுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கும்ல. சின்னது முன்னாடி போவுது."

ஒரு அத்தை என் முதுகைத் தடவிக் கொடுத்தார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. என் அம்மா சமையலறைப் பக்கம் போய்விட்டார். அவர்கள் நினைத்தது இந்த இடத்துக்குப் பொய். மற்றபடி முழுப் பொய் இல்லை. அதனால் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை. புதிதாக மாவு கலந்துகொண்டு வந்தேன். முகத்துக்கு வேண்டாம், கைக்கும் காலுக்கும் மட்டும் போடுங்கள் என்றேன். அழப்போகிற பிள்ளையைச் சமாதானப்படுத்துவதுபோல் எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசி அத்தை பூசி முடிக்கும் வரை நான் அந்தப் பாத்திரத்தின் பக்கத்திலேயே நின்றேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. முகம் அலங்கரிக்க வந்த பெண்ணிடம் மட்டும் தனியாகச் சொல்லி, இடது கன்னத்தில் கனமாக எதுவும் அப்பாமல் பார்த்துக்கொண்டேன். படங்களிலெல்லாம் அவள் சற்று வலது பக்கம் காட்டி நிற்கிறாள். அது வெட்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

சில வாரங்களில் இடது கன்னத்தில் சிவப்பு போய்க் கறுப்பு வந்தது. கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரை, பெரியம்மாவின் விரல் போன வழியே, ஒரு திட்டு. எங்கள் பழைய நிறத்தைவிடக் கறுப்பு. வலது கன்னம் இளஞ்சிவப்புப் புடவை எடுத்த நாளில் இருந்ததுபோலவே இருந்தது. கூலாயில் தோல் மருத்துவரிடம் போனாள். மாதக்கணக்கில் ஆகும், வெயிலில் கவனம் வேண்டும், இனி உரிக்கிற பேச்சே கூடாது என்றாராம். உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவியதால் இதோடு நின்றது, இல்லையென்றால் தழும்பே விழுந்திருக்கும் என்றும் சொன்னாராம். இதையெல்லாம் அவள் தொலைபேசியில்தான் சொன்னாள். அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. அந்தத் திட்டு வரைக்கும் அவள் நிறத்தில் என் பக்கம் வந்துவிட்டாள், ஆனால் இப்படி வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை.

தீபாவளி கழித்து அம்மாவும் பெரியம்மாவும் நானும் செடெனாக்குக்கு அவளைப் பார்க்கப் போனோம். பெரியம்மாவின் கையில் வழக்கம்போல் அன்னாசி. முறுக்கைக் கடித்தபடியே அவர், கன்னத்தில் அது என்ன திட்டு, மாப்பிள்ளை வீட்டுத் தண்ணீர் சேரவில்லையா என்று கேட்டார். மாப்பிள்ளை அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். அவரிடம் அவள் கல்யாணமான புதிதிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

"பெரியம்மா, கல்யாணத்துக்கு முன்னாடி நான் பார்லர்ல ஆசிட் போட்டு மூஞ்சித் தோல உரிச்சேன்" என்றாள், டீ ஊற்றிக்கொண்டே. "அந்தப் பச்சைத் தோலு மேலதான் நீங்க அன்னாசியத் தேச்சீங்க. இவதான் இழுத்துட்டுப் போயிக் கழுவி விட்டா. நாந்தான் யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொன்னேன்."

பெரியம்மா முறுக்கைத் தட்டில் வைத்தார். அவளைப் பார்த்தார், தான் கொண்டு வந்த பையைப் பார்த்தார், பிறகு என்னிடம் திரும்பினார். "அப்பவே வாயத் தொறந்து சொல்லியிருந்தா என்ன லா உனக்கு? என்னையக் கெட்டவளாக்கிட்டீங்க ரெண்டு பேரும்." சற்று நேரம் கழித்து என் தட்டில் இன்னொரு முறுக்கை வைத்தார். அவரிடமிருந்து அதற்கு மேல் வராது.

ஆக, எல்லாம் சரியாகிவிட்டது. நான் சொன்னது சரி என்றானது. என் பேர் மீண்டது. மருத்துவரும் என் பக்கம். மனதுக்குள் வைத்திருந்த பட்டியலில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன்.

கோயிலுக்குப் போகலாம் என்று எல்லோரும் எழுந்தோம். வாசலில் வெயில். அவள் செருப்பைத் தேடிக்கொண்டே அம்மாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை உள்ளே போய் ஒரு டியூபை எடுத்து வந்தார். நான் வாங்கிக் கொடுத்துப் பழக்கிய அதே வெயில் கிரீம். நானும் தினமும் காலையில் தொழிற்சாலை பஸ்ஸுக்கு முன்னால் கண்ணாடியைப் பார்த்துப் போட்டுக்கொள்வது அதுதான். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கினார். சரியான அளவு. அவள் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். அவள் பேச்சை நிறுத்தவில்லை. பேசிக்கொண்டே முகத்தைக் கொடுத்தாள். அந்தக் கறுப்புத் திட்டின் மேல் அவர் தேய்க்காமல், ஒற்றி ஒற்றிப் பரப்பினார். யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அவராகவே கற்றுக்கொண்டிருக்க வேண்டும். பெரியம்மா கூச்சப்பட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் திரும்பவில்லை. அவள் வெளுத்தபோது எனக்கு வந்த பொறாமையைவிட, திட்டு விழுந்த அந்தக் கன்னம் அவர் கையில் இருப்பதைப் பார்த்தபோது அதிகமாக வந்தது.

அவர் எல்லா இடத்திலும் போட்டுவிட்டுக் காதோரத்தை மட்டும் விட்டிருந்தார். வெயிலில் முதலில் கறுக்கிற இடம். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

"காது பக்கமும் போடணும்" என்றேன்.

அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டு, அவள் முடியை ஒதுக்கி அங்கும் தடவினார்.